கூட யார் வந்திருக்கா?

பணி ஓய்வு பெறுகிறவருக்கு இரண்டு அறிவுரைகள் கட்டாயம் கிடைக்கும். "உடம்பைப் பாத்துக்குங்க சார்" என்பது ஒன்று. "சும்மா இருக்காதீங்க, ஏதாவது சோஷியல் சர்வீஸ் பண்ணுங்க" என்பது மற்றொன்று. சால்வை போர்த்துகிற கையோடு இரண்டையும் சொல்லிவிடுவார்கள். சொல்கிறவர்களுக்கு இரண்டுக்குமே நேரம் இருக்காது. அதனால் அந்த அறிவுரையில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கும்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியிலிருந்து அறுபது வயதில் வெளியே வந்தவன். திருச்சி உறையூரில் குடியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் என்னைப் போன்றவர்கள் நிறைய. பெல் ஆலையில் இருந்தவர், மின்வாரியத்தில் இருந்தவர், பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முதல் அறிவுரையை நாங்கள் யாரும் தட்டியதில்லை. விடியும் முன்பே உய்யக்கொண்டான் கரையில் நடக்கத் தொடங்கிவிடுவோம். பேச்சு முழுக்க எண்களாகவே இருக்கும். வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு, கையில் கட்டியிருக்கும் கருவி எத்தனை காலடி காட்டுகிறது. ஒன்பதாயிரத்து எண்ணூறில் நிற்கிறவர் வீட்டு வாசலில் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். இந்தப் பத்தாயிரம் என்பது எந்த மருத்துவரும் விதித்த கணக்கு இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவிக்கு அந்தப் பெயர் வைத்தார்கள், அது உலகமெல்லாம் பரவிவிட்டது. அதைவிடக் குறைவாக நடந்தாலே பலன் தெரியத் தொடங்குகிறது என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்பதாக இல்லை. பணிக்காலம் முழுதும் இலக்கு வைத்து ஓடியவர்களுக்கு இலக்கு இல்லாமல் காலை நகர்த்தத் தெரியவில்லை.

கேலிக்காகச் சொல்லவில்லை. எனக்கும் சர்க்கரை உண்டு, நானும் நோட்டுப் போட்டு எழுதுகிறவன்தான். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் சுமார் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அளந்து பார்ப்பதும் நடப்பதும் வேண்டியவைதான். ஆனால் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், தெரியுமல்லவா? 2014-இல் ஜீவன் பிரமாண் வந்து, விரல் ரேகை வைத்தால் போதும் என்றானது. வயதானவர்களின் ரேகை தேய்ந்துபோய்க் கருவி ஏற்க மறுத்த சிக்கலுக்கு வழியாக, 2021-இல் முகத்தைக் காட்டினாலும் போதும் என்றார்கள். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இந்தச் சான்றைப் பல வருடம் வாங்கிய நான், முதல் தடவை இந்தப் பக்கம் நின்று கொடுத்தேன். உயிரோடு இருக்கிறாயா என்பதற்கு மேல் அவர்கள் எதுவும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. எங்கள் காலைநேர எண்களும் அதே ஒரு கேள்விக்கான பதில்கள் என்று அன்றைக்குத் தோன்றியது. இருக்கிறேன், நன்றாகவே இருக்கிறேன். யாருக்காக, எந்த வேலைக்காக என்பதற்கு அந்த நோட்டில் இடமில்லை.

இரண்டாவது அறிவுரை எனக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தது. தெருக்கோடியில் ஓர் அக்கா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். கணவர் தறி நெய்தவர், காலமாகிவிட்டார். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். அக்காவுக்கு விட்டுவிட்டு வயிற்றுவலி. அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தனியாகப் போய்விட்டு அப்படியே திரும்பி வந்திருக்கிறார்.

"கூட ஆள் இருந்தாத்தான் எடுப்பாங்களாம் தம்பி. அவன் லீவு போட்டா ரெண்டு நாள் கூலி போயிரும். நீ சும்மாதானே இருக்க, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

நீ சும்மாதானே இருக்க! என் தகுதியை இவ்வளவு சரியாக எடுத்துச் சொன்னவர் யாரும் இல்லை. பணி ஓய்வு விழாவில் வாசித்த பாராட்டு மடலில்கூட இது இல்லை.

போனேன். அரசு மருத்துவமனையில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "கூட யார் வந்திருக்கா?" கேட்கும் தொனி எரிச்சலாக இருக்கும். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவ்வளவு பெரிய இடம் ஓடுவதே கூட வந்தவர்களின் காலில்தான். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒன்று, மாத்திரை வாங்க ஒன்று. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும். சர்க்கரையோடு வந்த கிழவி இட்லி வாங்க வெளியே போனால் வரிசையில் இடம் போய்விடும். போகாமல் உட்கார்ந்திருந்தால் தலை சுற்றும். கழிப்பறைக்குப் போவதும் அதே பாடுதான். பையை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது? நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன் என்றால் சிறுநீரகம் தாங்குமா என்று கிரியாட்டினின் பார்த்த முடிவு வேண்டும். அதை வேறொரு கட்டிடத்தில் போய் வாங்கி வர வேண்டும். சம்மதக் கையெழுத்து போட ஓர் ஆள் வேண்டும். படுக்கையில் சேர்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம், இரவும் பகலும் ஒருவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. நல்ல திட்டம். வீட்டை விற்காமல் இதய அறுவை செய்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஜன்னல் நடக்க வேண்டும். ஒன்றில் பெயருக்குப் பின்னால் 'அம்மாள்' என்றிருக்கும், இன்னொன்றில் 'அம்மா' என்றிருக்கும். ஓரெழுத்து மாறினால் ஒரு நாள் போகும் என்பதை வங்கியில் இருந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் படித்த படிப்பும் பார்த்த உத்தியோகமும் இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு ஜன்னலில் உருப்படியாகப் பயன்பட்டன. சிகிச்சைக்குப் பணம் வேண்டியதில்லை. பணத்துக்குப் பதிலாக ஓர் ஆளைக் கேட்கிறார்கள்.

டாக்டர் முன்னால் உட்காரும்போது கூட வந்தவர் காதாக இருக்க வேண்டும். நோயாளி பயத்தில் பாதிதான் கேட்பார், கேட்டதில் பாதியை வீடு சேர்வதற்குள் மறப்பார். இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், அது பின், இதை நிறுத்தவே கூடாது, கறுப்பாக மலம் போனால் உடனே வர வேண்டும். எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அட்டை அட்டையாகப் பிரித்து, படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. முதியவர்களுக்குப் பெரிய அலைச்சல் மிச்சம். ஸ்கேன் கருவி வாசலுக்கு வராது, கண்புரை அறுவையும் வராது. அவற்றுக்கு நாம்தான் போக வேண்டும், இன்னொருவரோடு போக வேண்டும்.

பிள்ளைகளைத் திட்டுவது எங்கள் நடைக் கூட்டத்துக்குப் பிடித்த பொழுதுபோக்கு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு. 2021-க்கான கணிப்பின்படியே இங்கே நூற்றில் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். பெற்றது ஒன்றோ இரண்டோ. அவர்களைப் படிக்க வைத்து, 'வெளியூர் போ, முன்னுக்கு வா' என்று ரயிலேற்றி விட்டது நாம்தான். பெங்களூரில் இருப்பவன் லேப்டாப்பை மூட முடியாது, திருப்பூரில் இருப்பவன் ஷிப்டை விட முடியாது. 2007-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டிப் பிள்ளையிடமிருந்து மாதத் தொகை வாங்கலாம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியை எந்தத் தீர்ப்பாயமும் வாங்கித் தராது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எங்களிடம் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களுக்கு அனுபவம் இருக்கிறது, ஞானம் இருக்கிறது, அதைச் சமூகத்துக்குத் தர வேண்டும் என்றெல்லாம் பேசுகிறார்கள். எங்கள் ஞானத்தை யாரும் கேட்கவில்லை, கேட்காததும் நல்லதுதான். வேலைநாளில் பகல்பொழுது சும்மா இருப்பவர்கள் இந்த ஊரில் வேறு யார்? இருபத்தைந்து வயதுக்காரனுக்கு உடம்பில் பலம் இருக்கிறது, நாற்பது வயதுக்காரனிடம் வண்டி இருக்கிறது. இருவரிடமும் பகல் இல்லை.

சேவை என்றவுடன் நம் ஆட்களுக்கு மேடை ஞாபகம் வந்துவிடுகிறது. பேனர், தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், வழங்கும்போது எல்லோரும் கேமராவைப் பார்ப்பது. அதையும் நான் தூற்ற மாட்டேன். எப்படியானாலும் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் கிடைத்ததல்லவா? அம்மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் பெயர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக் கண் அறுவை செய்தவர். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். இதைக் கேட்கும் சாதாரண ஓய்வாளருக்கு ஊக்கம் வருவதைவிடப் பயம்தான் வரும். நாம் எங்கே, அவர் எங்கே!

எனக்கு அவர் கதையில் பிடித்தது வேறொரு இடம். அறுவை இலவசம் என்றாலும் கிராமத்துக்காரர்கள் வந்துவிடுவதில்லை. பஸ் காசு, சாப்பாடு, போகிற கூலி, கூட வர ஆள், இவ்வளவும் குறுக்கே நின்றன. அரவிந்த் இதைப் புரிந்துகொண்டது. முகாம் போட்ட ஊரிலிருந்தே பஸ்ஸில் மொத்தமாக ஏற்றிக்கொண்டுபோய், தங்க வைத்து, சோறு போட்டு, அறுவை முடித்து, திரும்ப ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். ஒரே பஸ்ஸில் சேர்ந்து போகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை ஆகிவிடுகிறார்கள். அறுவைக் கூடத்துக்குள் நடந்த சாதனையைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அந்த பஸ்ஸைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும்.

கேரளத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி, ஆதரவுச் சிகிச்சை இயக்கம், பிறகு மலப்புறம் பக்கம் வீடு வீடாகப் போகும் அக்கம்பக்கத்துக் குழுக்களாகப் பரவியது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது கொடுக்க முடிகிறவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். சேர வருகிறவரிடம் இரக்கம் எவ்வளவு என்று அளக்க வழியில்லை, நேரத்தை அளக்கலாம். இரக்கம் மழைக்காலத்தில் குறையும், பேரன் ஊரிலிருந்து வந்தால் மறந்துபோகும். வாரத்தில் இன்ன கிழமை இன்ன நேரம் என்று சொல்லிவிட்டால் வேறு வழியில்லை, போயாக வேண்டும்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். "நீங்க போறது உங்க உடம்புக்கும் நல்லது சார், சேவை செஞ்சா பி.பி. குறையுமாம்." அமெரிக்காவில் பால்டிமோரில் வயதானவர்களைத் தொடக்கப் பள்ளிகளில் வாரம் 15 மணி நேரம் பிள்ளைகளுக்கு உதவ வைத்து அவர்கள் உடல்நலத்தை ஆராய்ந்தார்கள். பலன் இருந்ததாகவே எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் அதற்காகத்தான் போகிறேன் என்றால் அக்காவின் வயிற்றுவலி எனக்கு மாத்திரையாகிவிடுகிறது. என் பி.பி. குறையாவிட்டால் அடுத்த செவ்வாய் போகாமல் இருந்துவிடலாமா? நடந்தது வேறு. லிஃப்ட் ஓடாத நாளில் மாடிப்படி ஏற வேண்டியிருப்பதால் முழங்காலுக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சியை ஒழுங்காகச் செய்கிறேன். கூடப் போனவன் மயங்கி விழுந்தால் அக்காதான் என்னைத் தூக்க வேண்டியிருக்கும் என்பதால் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நோட்டில் எழுதும் எண்கள் அதேதான். எதற்காக எழுதுகிறேன் என்று இப்போது தெரிகிறது.

உறையூரில் குடியிருந்துகொண்டு பிசிராந்தையாரை நினைக்காமல் இருக்க முடியாது. வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றில் இருக்கிறது. அதில் உணவுமுறை இல்லை, உடற்பயிற்சி இல்லை, மூலிகை இல்லை. மனைவி மக்களைச் சொல்கிறார், ஏவலரைச் சொல்கிறார், முறைதவறாத அரசனைச் சொல்கிறார், கடைசியில் தம் ஊரில் வாழும் அடக்கமுள்ள சான்றோரைச் சொல்கிறார். தலைமயிர் கறுத்திருப்பதற்கு ஊரைக் காரணம் காட்டுகிறார்! இந்தப் பாட்டைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். பிற்பாடு நடந்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் பெற்ற பிள்ளைகளோடு பகைத்து, உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது, அதுவரை ஒருமுறையும் அவனை நேரில் பார்த்திராத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து கிளம்பி வந்து பக்கத்தில் அமர்ந்தார். நரைக்காத அந்தத் தலையை அவர் தமக்கென்று பத்திரப்படுத்தி வைக்கவில்லை. அவர் எடுத்த முடிவை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், அது அந்தக் காலத்து வழக்கம். ஆனால் அதே சோழன், கூடவே இருந்து உயிர்விட நினைத்த புலவர் பொத்தியாரை, மகன் பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பிவிட்டான். வீட்டில் வேலை இருப்பவனைக் கூப்பிடக் கூடாது என்று அரசனுக்கே தெரிந்திருக்கிறது.

கூடப் போவதற்கும் சில முறைகள் உண்டு. டாக்டர் கேட்டால் நோயாளியைப் பேச விட வேண்டும். நாம் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அவர் அங்கே இல்லாமலே போய்விடுவார். நமக்குத் தெரிந்த கஷாயத்தை வாயில் வர விடக் கூடாது. உள்ளே கேட்டதைத் தெருவில் சொல்லக் கூடாது, வீட்டிலும் சொல்லக் கூடாது. பெண்களுக்குப் பெண்களே துணை போக வேண்டிய இடங்கள் இருக்கின்றன, அங்கே என் மனைவி போகிறாள். ஏ.டி.எம். கார்டைக் கையில் கொடுத்து, "நீயே எடுத்துக் குடுத்துரு தம்பி" என்பார்கள். வாங்கவே கூடாது, ரகசிய எண்ணைக் கேட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. டீக்கு அக்கா காசு கொடுத்தால் மட்டும் மறுக்காமல் குடித்துவிட வேண்டும்.

இதில் எல்லோரும் குணமாகிவிடுவதில்லை. நான் கூடப் போனவர்களில் சிலர் இப்போது இல்லை. துக்கத்துக்குப் போகும்போது எனக்கு அங்கே முறை எதுவும் கிடையாது. ஓரமாக நிற்பேன். ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் தேடி வந்து என்னிடம்தான் கேட்பார்கள், கடைசியாக டாக்டர் என்ன சொன்னார், அம்மா என்ன சொன்னாள் என்று. தெரிந்ததைச் சொல்வேன். அந்தப் பிள்ளைகளை நன்றிகெட்டவர்கள் என்று நடைக் கூட்டத்தில் யாராவது பேசினால் எனக்கு இப்போதெல்லாம் கோபம் வந்துவிடுகிறது.

கூடப் போவதைவிடக் கூட வரச் சொல்வதுதான் எங்களுக்குக் கஷ்டம். அதிகாரியாக இருந்தவர்களுக்கு இன்னும் கஷ்டம். தலைமையாசிரியர் நெஞ்சுவலியோடு ஆட்டோவில் தனியாகப் போய் இறங்கி, "கூட யார் வந்திருக்கா?" என்ற கேள்விக்கு, "யாரும் தேவையில்லை, நானே வந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்திருக்கும். எனக்கு வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க நாள் குறித்தபோது புனேயில் இருக்கும் மகள் விமான டிக்கெட் பார்க்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மின்வாரியக்காரரைக் கேட்டேன். அவர் யாரோடும் ஆஸ்பத்திரி வாசல் மிதித்துப் பழக்கமில்லாதவர், என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார். "என் செருப்பையும் பையையும் வெச்சுக்கிட்டு உக்காந்திருங்க, அவ்வளவுதான்" என்றேன். அதைச் செய்தார். இப்போது வியாழக்கிழமைகளில் அவரும் போகிறார், இன்னொரு தெருவில் இருக்கும் ஒருவருக்காக.

நீங்கள் ஓய்வு பெற்றவராக இருந்தால், உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவரிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்காதீர்கள், "இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "அடுத்து ஆஸ்பத்திரிக்கு என்னிக்குப் போகணும்?" என்று கேளுங்கள். கிழமை சொல்வார்கள். அதைக் காலண்டரில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு மீறிய நிலையில் யாராவது இருந்தால் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் இல்லை. ஓ.பி. சீட்டு ஏழரைக்கெல்லாம் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தண்ணீர் பாட்டிலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.